ஏட்டில் இறந்த மருத்துவர்
(வாசகர் வட்ட ஆண்டு விழா உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மழையைப் பொருட்படுத்தாது வந்து குத்துவிளக்கேற்றிய பேரூராட்சித் தலைவர் அவர்களே, சுருங்கப் பேசி எனக்கும் வழிகாட்டிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, வாசக நண்பர்களே, வணக்கம்.

ஜோசப் ஹெல்லர் 1961-இல் வெளியிட்ட ‘கேட்ச்-22’ நாவலைப் பணி ஓய்வுக்குப் பிறகே முதன்முறையாகப் படித்தேன். அதன் சட்டம், அதன் சிரிப்பு, அதன் கலைந்த காலவரிசை என மூன்றைப் பற்றிப் பேசுவேன் என்று அழைப்பிதழ் சொல்கிறது, சட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலி முனையில் குண்டுவீச்சு விமானத்தில் 60 முறை பறந்தவர் ஹெல்லர். அவருடைய நாயகன் யொசாரியனுக்கும் அதே வேலைதான். பித்துப் பிடித்தவனைப் பறக்க அனுப்பக் கூடாது, ஆனால் அவனே வந்து விலக்குக் கேட்க வேண்டும். கேட்டால், உயிருக்கு அஞ்சும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறான் என்று பொருள், ஆகவே பறந்தாக வேண்டும். இதுதான் ‘கேட்ச்-22’ என்னும் சட்டம். திருவிதாங்கூர் டச்சுக்காரர்களை வென்ற 1741-ஆம் ஆண்டுப் போரைக் குளச்சல் வெற்றித்தூணாகவே பார்த்து வளர்ந்த நமக்கு, போரை அலுவலகத் தாளில் காட்டும் இந்த எழுத்து புதிது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஹெல்லரின் முகாமில் அந்தச் சுரைக்காயைத்தான் கறி வைத்துப் பரிமாறுகிறார்கள்.

அங்குள்ள மருத்துவர் டானிகா, பறப்புப் படிக்காகத் தம் பெயரை மட்டும் விமானப் பதிவேட்டில் ஏற்றி வைப்பார். அவ்விமானம் மலையில் மோதியதும், தரையில் நிற்கும் அவர் ஏட்டின்படி இறந்துவிடுகிறார். மனைவிக்குக் காப்பீட்டுப் பணமே போய்ச் சேருகிறது.

எங்கள் தெருவில் முன்னாள் படைவீரரான பாட்டா ஒருவர் இருந்தார். ஓய்வூதியம் நின்றுபோகவே ஓர் அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி, “நீங்க எறந்துட்டீங்க, பாட்டா” என்றார். “அப்போ ஒனக்க முன்னால நிக்கியது யாரு மக்கா?” என்று கேட்டார் பாட்டா. எழுத்தர் அசரவில்லை, இறந்தவர் குறித்த மனுவை வாரிசுதான் தர வேண்டும் என்றார். மறுநாள் மகன் வந்து மனு எழுதினார். சாட்சி ஒருவர் தேவைப்பட்டது. பாட்டாவே சாட்சிக் கையெழுத்துப் போட்டார், அதை ஏற்றுக்கொண்டார்கள்!

நம் கிளை நூலகத்துக்கு வருகிறேன். பலகையில் இரவு எட்டு மணி வரை என்றிருக்கிறது; ஐந்து மணிக்கே பூட்டு தொங்குகிறது. முந்திரி ஆலையில் வேலை முடிந்து வரும் பெண்கள் எப்போது படிப்பது? ஏட்டுச் சுரைக்காய் என்று இதைத்தான் சொல்கிறேன். இருக்கும் ஒரே நூலகர் இன்னொரு நூலகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, இன்னொருவரை நியமிக்கக் கேட்போம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேரூராட்சித் தலைவர் அவர்கள் புறப்படுமுன் அதை அவர் கையில் சேர்க்க வேண்டியிருப்பதால், சிரிப்பையும் காலவரிசையையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கிறேன். நன்றி.