சமையலறைத் தராசில் ஏறிய கார்த் துண்டு

வணக்கம். போன காணொளியில் காரைத் துடைக்க 899 ரூபாய் கொடுத்து வாங்கிய துண்டைப் பிரித்துக் காட்டி, "1200 ஜிஎஸ்எம், பாருங்கள்" என்று நான் பெருமையடித்துக்கொண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பெருமையை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவித் துடைத்தபோது, கூரையும் முன்பக்க மூடியும் முடிவதற்குள்ளேயே துண்டு ஊறிப்போய்விட்டது. மேடவாக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் மற்ற இடங்களில் அப்படியே காய்ந்து, என் கறுப்பு வண்டி முழுக்க வெள்ளைப் புள்ளிகளை விட்டுச் சென்றது.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை இருக்கிறது என்பதுதான்; அது கூடினால் துண்டு தடிமனாக இருக்கும், நீரையும் அதிகம் உறிஞ்சும். என் துண்டு 60க்கு 90 சென்டிமீட்டர், அதாவது 0.54 சதுர மீட்டர். விற்றவர்கள் சொன்ன 1200 உண்மையானால் அது 648 கிராம் இருக்க வேண்டும். அம்மாவின் சமையலறைத் தராசில் வைத்தேன். 410 கிராம்! தராசின் மேல் சந்தேகப்பட்டு, பேட்டரியை மாற்றி, ஒரு கிலோ கல் உப்புப் பொட்டலத்தை வைத்துச் சரிபார்த்து, மீண்டும் மூன்று முறை நிறுத்தேன், அதே 410தான். கணக்குப் போட்டால் 760 ஜிஎஸ்எம்கூட வரவில்லை. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: நிறுப்பதற்கு முன் துண்டை மொட்டைமாடி வெயிலில் முழுநாள் காயவைத்திருந்தேன், ஈரத்தோடு நிறுத்தால் கணக்கு ஏமாற்றும்.

தராசின் படத்தை அனுப்பியதும் விற்றவர்கள் மறுபேச்சில்லாமல் பணத்தைத் திருப்பிவிட்டார்கள். அடுத்த நாளே மஞ்சள் பையில் தராசோடு, கார்ச் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய், கடைக்காரர் சிரிக்கச் சிரிக்க ஐந்து துண்டுகளை நிறுத்து, அதே அளவில் 640 கிராம் காட்டிய ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கினேன். 249 ரூபாய் மிச்சம் என்பதை வீட்டில் எல்லோரிடமும் இரண்டு முறையாவது சொல்லியிருப்பேன்.

தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடிக்கும் பிரஷர் வாஷர் எது வாங்கலாம் என்றுதான் பலர் கேட்கிறீர்கள். வீட்டுக்கு 100 பார் அழுத்தம் போதும், முனையை வண்டியிலிருந்து ஓர் அடியாவது தள்ளிப் பிடியுங்கள். அதற்கு மேல் அதில் பேச எனக்கு ஒன்றுமில்லை. பெயின்ட்டில் கீறல் விழுவது அதைத் தொடும் பொருளால்தான். ஆகவே முதல் செலவு துண்டுக்கும், வண்டியைத் தேய்த்துக் கழுவும் மைக்ரோஃபைபர் (நுண்ணிழை) கையுறைக்கும், இரண்டு வாளிகளுக்கும் போகட்டும். ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் கையுறையை அலசும் வெறும் நீர்; இரண்டிலும் அடியில் சல்லடைத் தட்டு இருந்தால் மணல் கீழேயே தங்கிவிடும். சக்கரங்களுக்கு இந்தக் கையுறையைத் தொடவே கூடாது, தனியாக ஒன்று வையுங்கள். பழைய பனியனும் மஞ்சள் ஸ்பாஞ்சும் வண்டிக்கு ஆகவே ஆகாது என்ற என் கருத்து உங்களுக்குத் தெரியும். மணலைப் பிடித்துவைத்துக்கொண்டு வண்டி முழுக்கத் தேய்க்கும் அந்த ஸ்பாஞ்சை விற்பவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

துண்டு தரையில் விழுந்தால் துவைக்காமல் மறுபடி வண்டியில் வைக்காதீர்கள். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது இழைகளில் படிந்து நீர் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். தராசைக் கழுவி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இனி அதில் கார்ச் சாமான் ஏறக் கூடாது என்று உத்தரவு வந்திருப்பதால், அடுத்த காணொளிக்கு முன் எனக்கென்று தனித் தராசு ஒன்று வாங்கியாக வேண்டும்.