பத்து நிமிஷ இடைவெளி

வணக்கம் நேயர்களே. பேட்டிங், பவுலிங் ரெண்டும் செய்கிற உண்மையான ஆல்ரவுண்டர் யார் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சென்னை லீக்கில் கீழ் டிவிஷன்களில் பல வருஷம் ஆஃப் ஸ்பின் போட்டு, ஆறாவதோ ஏழாவதோ இறங்கி ஆடியவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்குப் புள்ளிவிவரத்திலிருந்து பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஒரு சின்ன இடைவெளியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு அணியின் இன்னிங்ஸ் முடிந்து அடுத்த அணி ஆடத் தொடங்குவதற்குப் பத்து நிமிஷம்தான் கொடுப்பார்கள். மே மாத வெயிலில் பதினெட்டு ஓவர் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் ஆள்காட்டி விரல் ஓரத்தில் தோல் உரிந்திருக்கும், வியர்வையில் ஊறிய க்ளவுஸுக்குள் அதை நுழைத்தால் சுரீர் என்று எரியும். பேட் கட்டக் குனிந்தால் இடுப்பு சட்டென்று நிமிராது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நாம் மோர் குடித்து முடிப்பதற்குள் வெளியே ரெண்டு விக்கெட் போயிருக்கும். அப்போது எழுந்து போய், காலையிலிருந்து வேறு வேலையே செய்யாத பேட்ஸ்மேன் மாதிரி முதல் பந்தைப் பார்க்க வேண்டும். இரண்டு திறமை இருப்பவர்கள் ஊரில் நிறையப் பேர். இந்தப் பத்து நிமிஷத்தைத் தாண்டி வருகிறவர்கள்தான் குறைவு.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலத்து இந்திய ஆல்ரவுண்டர் வினூ மன்கட் ஞாபகம்தான் வரும். 1952-இல் அவர் இங்கிலாந்தில் லங்காஷயர் லீக்கில் ஹாஸ்லிங்டன் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார், சுற்றுப்பயணம் போன இந்திய அணியில் முதலில் அவர் இல்லவே இல்லை. லீட்ஸில் நடந்த முதல் டெஸ்டில் இந்தியா இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்காமல் நாலு விக்கெட்டை இழந்து, கடைசியில் தோற்றும் போனது. அதற்கப்புறம்தான் லார்ட்ஸ் டெஸ்டுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். வந்தார், தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 72 எடுத்தார். இங்கிலாந்து 537 அடித்தபோது இந்த மனிதர் ஒருவரே 73 ஓவர் போட்டு 5 விக்கெட் எடுத்தார். அத்தனையும் போட்டு முடித்தவர் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ இறங்கவில்லை, அதே பத்து நிமிஷத்தில் பேட் கட்டிக்கொண்டு மறுபடி தொடக்க ஆட்டக்காரராகவே போய், வேகப்பந்து வீச்சாளர் ட்ரூமன் மாதிரி ஆட்களை எதிர்கொண்டு 184 எடுத்தார். இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸில் இன்னும் 24 ஓவர். இந்தியா எட்டு விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ஆனால் இன்றைக்கும் அந்த ஆட்டத்தை மன்கட்டின் டெஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த வருஷம் பிப்ரவரியில், நம்ம சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதே, அதில் 12 விக்கெட் எடுத்தவரும் அவர்தான். நாலு வருஷம் கழித்து, 1956 ஜனவரியில், இதே சென்னையில், இப்போது நேரு ஸ்டேடியம் என்று சொல்கிறோமே அந்தக் கார்ப்பரேஷன் மைதானத்தில், நியூசிலாந்துக்கு எதிராக 231 அடித்தார். பங்கஜ் ராயுடன் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413. அந்தச் சாதனை 2008 வரைக்கும் நின்றது. ஒரே ஊர்க்காரர்கள் ஒரு வருஷம் அவர் பந்தையும் இன்னொரு வருஷம் அவர் மட்டையையும் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் எனக்குப் பொறாமையே உண்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆல்ரவுண்டரை அளக்க எல்லோரும் சொல்லும் வழி ஒன்று இருக்கிறது: பேட்டிங் சராசரியிலிருந்து பவுலிங் சராசரியை, அதாவது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்னை, கழி, மிச்சம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிய ஆள். மன்கட்டுக்கு பேட்டிங் 31.47, பவுலிங் 32.32. கழித்தால் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது! அவரையே வெளியில் நிறுத்தும் அளவுகோலை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

வெஸ்ட் இண்டீஸின் சோபர்ஸுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே வரும். 57.78 பேட்டிங், 235 விக்கெட், வேகமும் போடுவார், இடக்கை ஸ்பின்னில் ரெண்டு வகையும் போடுவார், ஆகவே அவரைப் பற்றி விவாதமே வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் ஜாக் காலிஸுக்கும் அதே மாதிரிதான் வரும், 13,289 ரன், 292 விக்கெட். ஆனால் அந்த விக்கெட்டுகள் 166 டெஸ்டில் வந்தவை, அதாவது ஒரு டெஸ்டுக்கு ரெண்டுகூட இல்லை. பவுலிங்குக்காக மட்டும் அவரை அணியில் எடுத்திருப்பார்களா என்று கேட்டால், மாட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன். அவர் மகத்தான பேட்ஸ்மேன், கூடவே கேப்டனுக்குப் பெரிய வரம். இரண்டில் எதை எடுத்துவிட்டாலும் அணியில் இருப்பாரா என்று பார்த்தால் எனக்குக் கபில் தேவ் ஒரு படி மேலே தெரிகிறார், ரெண்டு சராசரிக்கும் இடையில் ஒன்றரை ரன்கூட வித்தியாசம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 1990 லார்ட்ஸில் ஃபாலோ ஆனைத் தவிர்க்க, அதாவது உடனே மறுபடி பேட்டிங் செய்ய வைக்கப்படாமல் இருக்க, 24 ரன் வேண்டும், மறுமுனையில் கடைசி ஆளாக ஹிர்வானி. இங்கிலாந்து ஸ்பின்னர் ஹெம்மிங்ஸ் பந்தில் தொடர்ந்து நாலு சிக்ஸர் அடித்தார். அடுத்த ஓவரின் முதல் பந்திலேயே ஹிர்வானி அவுட். அந்த இன்னிங்ஸ் எந்தச் சராசரியிலும் தனியாகத் தெரியாது.

அப்புறம் அஸ்வின். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் பந்து எப்படித் திரும்பியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கிலாந்துக்கு எதிராக முதலில் 5 விக்கெட் எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 106-க்கு ஆறு விக்கெட் போன நிலையில் உள்ளே வந்து, அதே பிட்சில் 106 அடித்தார். சதத்தைத் தொட்டபோது மறுமுனையில் நின்ற சிராஜ் தானே அடித்த மாதிரி துள்ளிக் குதித்தாரே, அதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். 2024-இல் வங்கதேசத்துக்கு எதிராக அதே மைதானத்தில் 113 ரன்னும் 6 விக்கெட்டும். பந்து எங்கே விழுந்தால் பேட்ஸ்மேன் தடுமாறுவான் என்று விரலுக்குத் தெரிந்த ஆள் அவர், மட்டையைப் பிடிக்கும்போதும் அந்த அறிவு கூடவே வருகிறது. ஒரு வேலை இன்னொரு வேலைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெறுமனே தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி ரெண்டு ஓவரும் இருபது ரன்னும் தருபவரை நான் ஆல்ரவுண்டர் என்று கூப்பிடுவதில்லை.

இதனால்தான் ஐபிஎல்லில் 2023-இல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதி எனக்குப் பிடிக்கவில்லை. பேட்டிங் முடிந்ததும் ஒருவரை எடுத்துவிட்டுப் பவுலரைக் கொண்டுவரலாம் என்றால் ரெண்டும் தெரிந்த ஆளுக்கு எங்கே இடம்? வாஷிங்டன் சுந்தர் மாதிரி ஒருவருக்கு நிறைய ஓவர்களும் கஷ்டமான நேரத்தில் பேட்டிங்கும் கொடுத்துப் பார்த்தால்தான் மான்செஸ்டரில் 2025-இல் தோல்வியைத் தடுத்து ஆட்டமிழக்காமல் அடித்தாரே 101, அது மாதிரி வரும்.

என்னிடம் வரும் பையன்களில் ஒருவனுக்குப் பதிமூன்று வயசு. இடக்கை ஸ்பின், மட்டையும் நன்றாக ஓடும். ஏதாவது ஒன்றில் கவனம் வைக்கச் சொல்லுங்கள் சார் என்று அவன் அப்பா போன வாரம் கேட்டார். இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்கள் என்றேன், அரை மனதாகச் சரி என்றார். இந்த ஞாயிறு முப்பது ஓவர் மேட்ச் இருக்கிறது. அவனுக்கு ஆறு ஓவரும் கொடுத்துவிட்டு, உள்ளே வந்து தண்ணீர் குடித்ததும் முதல் ஆளாகப் பேட் கட்டச் சொல்லப் போகிறேன்.