சடங்கு சாமிக்கு, சவால் யாருக்கு?

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருக்கிறவர்களின் பெயரையும் பட்டத்தையும் வரிசையாகச் சொன்னால் பத்து நிமிடம் போய்விடும். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற தைரியத்தில் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

துப்பறியும் கதை பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அதில் எந்த வகை என்று கேட்டேன். "சடங்குக் கொலை, போலீஸைச் சீண்டும் வில்லன்" என்றார்கள். அந்த வகை உங்களுக்கே அத்துப்படி. அமாவாசைக்கு ஒரு பிணம். நெற்றியில் குங்குமம், உள்ளங்கையில் எலுமிச்சம்பழம், சுற்றிலும் அரிசி மாவில் ஏதோ ஒரு சக்கரம். மறுநாள் காலை வேப்பேரி கமிஷனர் ஆபீஸுக்கு ஒரு கடிதம்: அடுத்தது பௌர்ணமி, முடிந்தால் தடுத்துப் பார். இன்ஸ்பெக்டர் பல்லைக் கடிக்கிறார். நாம் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

நானும் புரட்டியிருக்கிறேன். விடியற்காலை வரைக்கும் புரட்டியிருக்கிறேன். ஆனால் அப்படிப் புரட்டும்போதெல்லாம் ஒரு நெருடல். சடங்கு சாமிக்குச் செய்வது. சவால் போலீஸுக்கு விடுவது. இரண்டையும் ஒரே ஆள் செய்கிறான் என்றால் இரண்டில் ஒன்று நடிப்பு. காளி கேட்கிறாள் என்று உண்மையிலேயே நம்புகிறவனுக்குக் கமிஷனர் எதற்கு? கமிஷனர் கவனிக்க வேண்டும் என்று துடிக்கிறவனுக்குக் காளி எதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் எழுதப்படும் கதைதான் கடைசி அத்தியாயத்தில் படுத்துவிடுகிறது.

முதலில் சடங்குப் பக்கம் போவோம். அது நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரைக்கும் போனால் போதும். திரௌபதி ரதத்துக்குள்ளே கொற்றவை நிற்கிறாள். காலடியில் மண்டியிட்டிருக்கும் ஒருவன் தன் முடியைத் தானே பிடித்துக் கழுத்தில் வாளை வைத்திருக்கிறான். தமிழ்நாட்டில் ஊர்ப்புறங்களில் வயலோரமும் ஏரிக்கரையிலும் நவகண்டம், அரிகண்டம் என்று சொல்லப்படும் சிலைகள் நிற்கின்றன. அவர்களும் தங்கள் தலையைத் தாங்களே கொடுத்தவர்கள். அவர்களுக்கும் தேவிக்கும் நடுவில் மூன்றாவது ஆள் கிடையாது.

இன்னொருவன் தலையை எடுத்த கதையும் நம்மிடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலைக்குப் பிறகு பாண்டிய நாட்டில் மழை இல்லை, வறுமை. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கண்ணகிக்குப் பலி கொடுக்கிறான். மழை பெய்கிறது. ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர் தலை. கண்ணகியின் நீதியைப் பட்டிமன்றம் பட்டிமன்றமாகப் பேசுகிற நாம் இந்த ஆயிரம் பேரைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அது போகட்டும், நம் விஷயத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: செழியன் அதை ஒளித்துச் செய்யவில்லை, யாருக்கும் சவாலும் விடவில்லை. அவனைப் பொறுத்தவரை அது அரசாங்க வேலை.

19ஆம் நூற்றாண்டிலும் அப்படித்தான். அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில் கஞ்சம் மலைகளில் கோண்டு மக்களிடையே மெரியா என்ற நரபலி இருந்ததாக ஆங்கிலேய அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மண் தெய்வத்துக்காக ஒரு மனிதனை விலை கொடுத்து வாங்கி, நன்றாகச் சோறு போட்டு வளர்த்து, ஊர் கூடி நின்று கொல்வது. அந்த ரத்தம் விழாவிட்டால் மஞ்சளுக்கு நிறம் பிடிக்காது என்று நம்பினார்களாம். அதை ஒழிக்க 1845இல் தனிச் சட்டமே போட்டார்கள். அந்தக் குறிப்புகளில் ஆட்சியின் மிகை எவ்வளவு, உண்மை எவ்வளவு என்பது தனி விவாதம். ஆனால் அங்கேயும் சடங்கு ஊருக்கும் தெய்வத்துக்கும் நடுவில் நடந்தது. அதிகாரி அழைக்கப்படாத விருந்தாளி.

சரி, சவால் பக்கம் வருவோம். 1888, லண்டன் ஒயிட்சேப்பல் பகுதியில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்படுகிறார்கள். செப்டம்பர் 27ஆம் தேதி ஒரு செய்தி நிறுவனத்துக்குச் சிவப்பு மையில் ஒரு கடிதம் வருகிறது. ஜாக் தி ரிப்பர் என்ற பெயரே அந்தக் கடிதத்தில்தான் பிறந்தது. கையெழுத்தை யாராவது அடையாளம் காட்டட்டும் என்று போலீஸ் அதை அச்சடித்து ஒட்டியது. அப்புறம் நூற்றுக்கணக்கில் ரிப்பர்கள் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அந்த முதல் கடிதத்தை எழுதியது கொலைகாரனே இல்லை, ஒரு பத்திரிகைக்காரர் என்பது அன்றைய போலீஸ் அதிகாரிகள் சிலரின் முடிவு. உலகம் முழுவதும் சவால் விடும் வில்லனுக்கு மூலவிக்கிரகமாக இருப்பது அநேகமாக ஒரு பத்திரிகை ஆபீஸ் வேலை என்று நினைத்துப் பாருங்கள்.

இதைவிடக் கொடுமை இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் நடந்தது. பெண்களை அடுத்தடுத்துக் கொன்றுவந்த ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தபோது 1978இலும் 79இலும் போலீஸுக்குக் கடிதங்கள், பிறகு ஒரு ஒலிநாடா. "நான்தான் ஜாக்" என்று ஆரம்பிக்கும் குரல். பேச்சு வழக்கை ஆராய்ந்து ஆள் சண்டர்லாந்துப் பக்கம் என்று முடிவு செய்து தேடுதலையே அங்கே திருப்பினார்கள். உண்மையான கொலைகாரன் பீட்டர் சட்கிளிஃப் பிராட்ஃபோர்டுக்காரன். அவனைப் போலீஸ் 9 முறை விசாரித்து விட்டிருந்தது. ஒலிநாடா வந்த பிறகு இன்னும் 3 பெண்கள் செத்தார்கள். 1981 ஜனவரியில்தான் அவன் பிடிபட்டான். குரல் கொடுத்தவன் வேறு ஆள், சும்மா விளையாடியவன். 2005இல், கடித உறையில் ஒட்டியிருந்த எச்சிலின் டிஎன்ஏவை வைத்து அவனையும் பிடித்தார்கள்.

கொன்றவன் ஒருவன், சீண்டியவன் வேறொருவன். இதை வைத்துத் தமிழில் ஒரு நாவல் எழுதினால் வில்லனைவிட அந்தச் சீண்டல்காரன்மேல்தான் வாசகருக்கு ஆத்திரம் வரும். எழுதுகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ராயல்டி வேண்டாம்.

கொன்றவனே சீண்டிய கதையும் உண்டு. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்று ஒரு ஊர். 1974 முதல் 1991 வரை 10 பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடர் நடுநடுவே பத்திரிகைக்கும் போலீஸுக்கும் எழுதிக்கொண்டிருந்தான். அப்புறம் நிறுத்திவிட்டான், ஊரும் மறக்க ஆரம்பித்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. 2004இல் திரும்ப ஆரம்பித்தான். ஃப்ளாப்பி டிஸ்க் அனுப்பினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா என்று போலீஸிடமே கேட்டான். முடியாது என்கிற மாதிரி போலீஸ் வரி விளம்பரம் கொடுத்தது. நம்பி அனுப்பினான். அந்த டிஸ்க்கில் அழிக்கப்பட்ட ஒரு கோப்பில் ஒரு தேவாலயத்தின் பெயரும் டென்னிஸ் என்ற பெயரும் கிடந்தன. அந்தத் தேவாலயச் சபைக்குத் தலைவரே அவன்தான். 2005 பிப்ரவரியில் கைது. அவன் தெய்வத்துக்குச் செய்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தோடு சரி. கொலை முழுக்க அவனுக்காக, கடிதம் முழுக்க ஊருக்காக.

சோடியாக் என்று கையெழுத்திட்ட அமெரிக்கக் கொலைகாரன் கதையை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். 1969இல் அவன் சான்ஃபிரான்சிஸ்கோ பகுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிய முதல் சங்கேதத்தை ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும் சில நாட்களிலேயே உடைத்தார்கள். இவ்வளவு தலைக்கனம் பிடித்தவன் 'நான்' என்றுதான் ஆரம்பிப்பான் என்று அந்த அம்மா ஊகித்தார், அது பலித்தது. 340 குறிகள் கொண்ட இன்னொரு சங்கேதம் 2020 டிசம்பரில்தான் அவிழ்ந்தது. உள்ளே பெயர் இல்லை, வெறும் வீறாப்பு. அவன் பிடிபடவே இல்லை. ஆக, சீண்டுகிறவன் மாட்டியே தீருவான் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் பார்வை எப்போதும் வாசகன் பக்கம் இருக்கும், அவ்வளவுதான்.

இனி நம்ம ஊர். சென்னைக் கொலைகாரன் போலீஸுக்குக் கடிதம் எழுதுவதாகக் காட்டினால் எனக்கு என்னவோ ஒட்டவில்லை. 1952இல் நடந்த ஆளவந்தார் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடி போகும் போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி, நாற்றம் தாங்காமல் மானாமதுரையில் திறந்தால் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இன்றைக்கு ஒரு நாவலாசிரியர் கையில் இது கிடைத்தால் அரை மணி நேரத்தில் காளி வந்துவிடுவாள். உண்மையில் தலையை எடுத்தது ஆள் அடையாளம் தெரியாமல் போகட்டும் என்று. தலையையும் உடலையும் பொருத்தி இது இன்னார்தான் என்று சொன்னது சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல். அந்தக் கதையில் பயமுறுத்துவது எனக்கு அந்தப் பெட்டிதான். ஒரு ஆள் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுகிற ரயிலில் அது பாட்டுக்கு சீட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஆட்டோ சங்கர் எழுதினான், ஆனால் மாட்டிய பிறகு எழுதினான். ஆறு கொலைகளுக்குத் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தபோது எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட முனைந்தது. சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. பல அதிகாரிகளோடு அவனுக்கு இருந்த நெருக்கத்தை அது சொல்கிறது என்பது பத்திரிகை தரப்பின் வாதம். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வெளிவருவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றது. மறு வருஷம் ஏப்ரலில் சேலம் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். நான் இதில் கவனிப்பது, நம்ம ஊர் எதிரி முகம் தெரியாத கடிதக்காரன் இல்லை என்பதை. ஸ்டேஷனுக்குள் டீ குடித்தவன், ஏட்டையாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவன். நம்மவர்கள் எழுதும் வில்லன் மட்டும் ஏனோ லண்டனிலிருந்து நேராகக் கப்பல் ஏறி வந்தவன் மாதிரியே இருக்கிறான்.

சடங்குக் கதை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள். ஆனால் சடங்கைத் தடயமாக எழுதுங்கள். அமாவாசை அன்று கொலை என்று போட்டுவிடுகிறீர்கள். எந்தப் பஞ்சாங்கப்படி அமாவாசை? பழைய வாய்பாட்டுக் கணக்கான வாக்கியப் பஞ்சாங்கமும், கிரக நிலையை நவீன முறையில் கணிக்கும் திருக்கணிதமும் திதி தொடங்கும் நேரத்தில் சில மணி நேரம் வித்தியாசப்படும். சனிப்பெயர்ச்சியில் இந்த வித்தியாசம் மாதக்கணக்கில் போகும். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இல் வந்த சனிப்பெயர்ச்சி அன்றைக்குத் தங்களுக்கு இல்லை என்று, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில் அறிவித்ததே, ஞாபகம் இருக்கிறதா? இரவு பதினொரு மணிக்கு ஒரு கொலை. ஒரு பஞ்சாங்கப்படி அமாவாசை பிறந்துவிட்டது, இன்னொன்றின்படி இன்னும் சதுர்த்தசி. அப்போது கொலைகாரன் வீட்டு ஆணியில் தொங்குவது எந்தப் பஞ்சாங்கம் என்று தெரிந்துவிடும். எந்தக் கோயில் வழக்கத்தில் வளர்ந்தவன் என்பதுகூடத் தெரியலாம். அல்லது செல்போன் ஆப்பில் பார்த்து நாள் குறித்த போலி ஆள் என்பது தெரியலாம். இதைக் கண்டுபிடிக்க மேதை வேண்டாம். பாட்டியோடு வளர்ந்த ஒரு பெண் எஸ்ஐ போதும்.

பொருட்களும் அப்படித்தான். பார்க் டவுன் ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் போய் இந்தக் கலவையை யார் கேட்டார்கள் என்று ஒரு கான்ஸ்டபிள் கடை கடையாக ஏறி இறங்குவதை இரண்டு பக்கம் எழுதலாம். "இதுகூட அதைச் சேர்க்கவே மாட்டாங்களே சார், யாரு சொன்னது?" என்று கடைக்காரர் சொல்லும் ஒரு வரியில் சடங்கே நாடகம் என்பது உடைந்துவிடும். மண்ணும் ரத்தமும் முத்திரை போட்டு காமராசர் சாலையில் இருக்கும் தடயவியல் துறைக்குப் போகும். அதன் பூர்வீகம் 1849இல் இங்கே தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம். நம்ம ஊருக்கு அவ்வளவு பழைய சொத்து இருக்கும்போது, இன்ஸ்பெக்டர் கண்ணை மூடி யோசித்தே கண்டுபிடிப்பது நியாயமா?

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. சடங்குக் கொலை என்றதும் முதல் சந்தேகத்துக்குச் சுடுகாட்டில் வேலை செய்கிறவரையோ, குடுகுடுப்பைக்காரரையோ, மலையிலிருந்து வந்தவரையோ கொண்டுவந்து நிறுத்துவது. கடைசியில் அவர் நிரபராதி என்று காட்டினாலும் இருநூறு பக்கம் அவர் முகத்தில்தான் பயத்தைப் பூசியிருக்கிறீர்கள். சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது இதே வேலையைத்தான் அரசாங்கம் செய்தது. அந்த ஆயிரம் பொற்கொல்லர்களும் இந்த வரிசைதான். பணமும் செல்வாக்கும் உள்ளவர்களைச் சந்தேகிக்க எழுத்தாளருக்குக் கை வருவதில்லை. 2015இல் மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிக்காக நரபலி கொடுத்ததாகப் புகார் வந்தபோது, விசாரணை ஆணையராக இருந்த ஐஏஎஸ் அதிகாரி சகாயம் தோண்ட வேண்டிய இடத்தை விட்டுப் போகாமல் சுடுகாட்டிலேயே இரவு தங்கினார். தடயத்துக்குக் காவல் இருந்த அந்த ராத்திரியை யாராவது நாவலில் எழுதியிருந்தால், மிகை என்று நாமே சொல்லியிருப்போம்.

மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. "கடிதம் வேண்டாம் என்கிறீர்கள். அப்படியானால் சென்னை வில்லன் எப்படித்தான் சவால் விடுவான்?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி.

கொலை நடந்த இடத்தில் போலீஸ் முதலில் செய்வது பார்வை மகஜர், அதாவது இடத்தில் கண்டதைக் குறிக்கும் ஆவணம், எழுதுவது, மாதிரி வரைபடம் போடுவது. மகஜருக்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். விடிகாலை நேரத்தில் யாரும் வர மாட்டார்கள், கோர்ட்டுக்கு அலைய எவனுக்கு ஆசை? அப்போது டீக்கடைப் பக்கமிருந்து ஒருவர் தானாக வந்து "நான் போடறேன் சார்" என்கிறார். போலீஸுக்குப் பெரிய உதவி. இரண்டாவது கொலை வேறு ஏரியாவில், அங்கேயும் அவர் எதேச்சையாக நிற்கிறார். வேறு ஸ்டேஷன், வேறு இன்ஸ்பெக்டர், யாருக்கும் உறைக்கவில்லை. மூன்றாவதில், 2024இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி பறிமுதலை வீடியோ எடுக்கிறார்கள், ஓரத்தில் அவர் முகம். மூன்று கேஸ் கட்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கிற வரைக்கும் அந்தச் சவால் யார் கண்ணிலும் படாது. ஆனால் முதல் நாளே பெயர், அப்பா பெயர், விலாசத்தோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இதை நான் இன்னும் எழுதவில்லை, அதனால் பாதிக் கதையை இங்கேயே கொட்டிவிட்டது தப்புதான். பின்வரிசையில் கை தூக்கியிருக்கிறீர்களே, அந்த மைக்கை அவரிடம் கொடுங்கள்.