வெள்ளி காட்டிய நரம்பணு

நேயர்களுக்கு வணக்கம்.

மூளை எதனால் ஆனது என்று இன்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் 'நியூரான்', அதாவது நரம்பணு, என்று சொல்லிவிடும். 1870 வாக்கில் ஐரோப்பாவின் பெரிய பெரிய உடற்கூறு பேராசிரியர்களுக்கே அது பிடிபடவில்லை. நல்ல நுண்ணோக்கிகள் அப்போதே இருந்தன. மூளைதான் ஒத்துழைக்கவில்லை.

மூளை மெத்தென்று இருக்கும். கத்தி வைத்தால் நசுங்கும். இறுகவைத்து மெல்லிசாகச் சீவினால் நிறமே தெரியாது. கார்மைன் போன்ற சாயம் ஏற்றினால் கண்டதிலெல்லாம் ஏறும். ஒரு நரம்பணுவின் உடல் 10, 20 மைக்ரான்தான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் கிளைகளோ எங்கெங்கோ ஓடிப் பக்கத்து அணுக்களின் கிளைகளோடு பின்னிக் கிடக்கின்றன. சீவல் மெல்லிசாக இருந்தால் கிளை அறுந்துவிடும். தடிமனாக இருந்தால் ஒரே கசகசப்பு. இந்த இக்கட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்றைய பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான்.

கிளைகள் எங்கே முடிகின்றன என்று யாருக்கும் தெரியாததால், அவை முடிவதே இல்லை, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வலையாக ஓடுகின்றன என்றார் ஜெர்மனியின் உடற்கூறு பேராசிரியர் கெர்லாக். பலரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

1873. இத்தாலியில், மிலான் நகருக்குப் பக்கத்தில் அப்பியாதெகிராசோ என்ற சிற்றூர். தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றில் கமில்லோ கோல்ஜி என்ற இளம் மருத்துவர். ஆய்வகம் கிடையாது, தன் குடியிருப்பின் சமையலறையிலேயே வேலை. அவர் கண்டது இதுதான்: மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் ஊறப்போடுவது, பிறகு சில்வர் நைட்ரேட்டில் போடுவது. சில்வர் நைட்ரேட் நமக்குப் புதிதல்ல. வாக்குச்சாவடியில் விரலில் வைக்கிறார்களே, வாரக்கணக்கில் போகாத அந்த மை, அதில் இருப்பதும் இதே உப்புதான். இங்கே அது குரோமேட்டோடு சேர்ந்து, அணுவுக்குள்ளேயே சில்வர் குரோமேட்டாகப் படிகிறது. மஞ்சள் பின்னணியில் ஓர் அணு, உடல், கிளை, கிளையின் கிளை எல்லாம் கன்னங்கரேலென்று நிற்கும். 'கறுப்பு வினை' என்றே அதற்குப் பெயர்.

இதில் முக்கியமானது நிறம் இல்லை, கேளுங்கள். நூற்றில் ஏதோ சில அணுக்களில்தான் இந்த வெள்ளி ஏறும். மற்றவை வெறுமனே இருக்கும். அதனால் சீவலைத் தடிமனாக, 100 மைக்ரானுக்குக்கூட வெட்டலாம். கிளையும் அறாது, கசகசப்பும் இல்லை. சற்று முன் சொன்ன இக்கட்டு தீர்ந்தது. ஏன் சிலவற்றில் மட்டும் ஏறுகிறது என்பதற்கு இன்றுவரை திருப்தியான விளக்கம் இல்லை.

சொல்ல எளிது, செய்வது பாடு. கோல்ஜியின் முறையில் டைகுரோமேட் சுமார் 2 சதவீதத்தில் தொடங்கும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரம், குளிரில் ஒன்றரை மாதம், அதற்கு மேலும் ஊற வேண்டும். சீக்கிரம் எடுத்தாலும் கெடும், தாமதித்தாலும் கெடும். பின்னால் வந்த வேக முறையில் 3 சதவீத டைகுரோமேட் நான்கு பங்கு, 1 சதவீத ஆஸ்மிக் அமிலம் ஒரு பங்கு. இரண்டு மூன்று நாளில் எடுத்தால் நரம்பணுவுக்குத் துணையாக இருக்கும் கிளையா அணுக்கள் கறுக்கும். மூன்றிலிருந்து ஐந்து நாளில் நரம்பணு. அதற்கும் மேலே போனால் நரம்பிழைகள். துண்டு 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் கரைசல் உள்ளே போகாது. அடுத்து வெள்ளிக் குளியல், 0.75 சதவீதம், ஒன்றிரண்டு நாள். நேராகப் போடக்கூடாது. முதலில் பழைய, நீர்த்த வெள்ளிக் கரைசலில் செம்பழுப்புக் கலங்கல் வருவது நிற்கும் வரை அலச வேண்டும். இரும்பு இடுக்கி பட்டால் வெள்ளி அதிலேயே படியும். துண்டின் மேற்பரப்பில் பொருக்குக் கட்டினால் அந்த ஓரம் வீண். கடைசியில் பிசின் பூசி ஸ்லைடில் ஒட்டினாலும் மேலே மூடுகண்ணாடி வைக்கமாட்டார்கள். வைத்தால் ஈரம் தங்கிப் படம் கெட்டுப்போகும்.

இத்தனை சள்ளை இருந்தால் யார் தொடுவார்கள்? பதினான்கு வருஷம் பெரிதாக யாரும் தொடவில்லை. 1887இல் மாட்ரிட்டில் சிமர்ரோ என்ற மருத்துவர் வீட்டில் இந்த முறையில் செய்த ஒரு ஸ்லைடைப் பார்த்தார் ஸ்பானிய உடற்கூறு பேராசிரியர் சந்தியாகோ ரமோன் இ கஹால். பார்த்ததும் ஊர் திரும்பி அதையே பிடித்துக்கொண்டார். அவர் செய்த மாற்றங்கள் இரண்டு. ஒன்று, வெள்ளியிலிருந்து எடுத்த துண்டைத் திரும்பவும் டைகுரோமேட்டில் ஊறவைத்து இரண்டாம் முறையும் வெள்ளியில் போட்டார். இன்னொன்று, முதிர்ந்த மூளையை விட்டுவிட்டுக் கோழிக்குஞ்சின் கருவையும் பிறந்த குட்டிகளையும் எடுத்தார். முதிர்ந்த நரம்பிழையின் மேல் மயலின் என்ற கொழுப்புறை இருக்கும். வெள்ளி அதைத் தாண்டாது. குட்டியில் அந்த உறை இன்னும் வந்திருக்காது. காடு அடர்ந்த பிறகு மரத்தை எண்ணுவானேன், நாற்றங்காலிலேயே பார்க்கலாமே என்பது அவருடைய வாதம். என்னைக் கேட்டால், நுண்ணோக்கியில் கண்டதைக் கஹால் வரைந்த ஓவியங்களைப் புகழ்கிற நாம் இந்தத் தேர்வைத்தான் அதிகம் புகழ வேண்டும்.

1888, பார்சிலோனா. பறவையின் சிறுமூளையில், புர்கின்யே அணுக்கள் என்ற பெரிய நரம்பணுக்களைச் சுற்றி மெல்லிய இழைகள் கூடை பின்னியதுபோல் முடிவதைப் பார்த்தார். முடிகின்றன, ஒட்டவில்லை! கைக்காசு போட்டுத் தொடங்கிய பத்திரிகையில் 60 பிரதி அச்சடித்தார். ஸ்பானிய மொழியில் எழுதியதை யார் வாசிப்பார்கள்? 1889 அக்டோபரில் ஸ்லைடுகளைச் சுமந்துகொண்டு பெர்லின் மாநாட்டுக்குப் போய், உடற்கூறு துறையின் மூத்த அறிஞர் கோலிக்கரை நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தார். ஸ்லைடைப் பார்த்த பிறகு அவரும் ஒப்புக்கொண்டார். 1891இல் ஜெர்மன் உடற்கூறு அறிஞர் வால்டையர் நரம்பணுவுக்கு 'நியூரான்' என்று பெயர் வைத்தார்.

சாயத்தைக் கொடுத்த கோல்ஜி மட்டும் வலைக் கட்சியை விடவில்லை. 1906இல் கோல்ஜி, கஹால் இருவருக்கும் சேர்த்தே நோபல். டிசம்பர் 11 அன்று ஸ்டாக்ஹோமில் கோல்ஜி பேசியது, நரம்பணுக்கள் தனித்தனி என்ற நியூரான் கொள்கையைத் தாக்கி; மறுநாள் கஹால் பேசியது அதே கொள்கைக்கு ஆதரவாக. சாயம் ஒன்றே, முடிவு இரண்டு.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள், மீதியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஓர் அணுவின் கிளை முடியும் இடத்துக்கும் அடுத்த அணுவுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் காட்டியது: சுமார் 20 நானோமீட்டர், ஒரு மில்லிமீட்டரில் 50,000இல் ஒரு பங்கு. அதைச் செய்தி எப்படித் தாண்டுகிறது என்பதற்கு 1921லேயே ஓட்டோ லூவி தவளை இதயத்தில் விடை கண்டிருந்தார்: ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி அதை மெதுவாக்கி, அதில் ஊறிய நீரை இன்னோர் இதயத்தின் மேல் விட, இரண்டாவதும் மெதுவானது, ஆக, வேதிப்பொருள். ஆனால் 1959இல் நன்னீரில் வாழும், இறால் போன்ற கிரேஃபிஷின் நரம்புகளில், மின்சாரமே நேராகக் கடக்கும் இணைப்புகளும் உண்டென்று தெரிந்தது. கோல்ஜியின் வலை அது இல்லை. கஹால் சொன்னபடி எல்லா இடத்திலும் தனித்தனி என்பதும் இல்லை. அந்த இணைப்புகளைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. வணக்கம்.