மிதக்கிற அரிசியும் மஸ்கட் வீடியோவும்: வீட்டு வாசலில் வதந்தியை எப்படிப் பேசுவது?

[காட்சி: தக்கலைப் பக்கம் ஒரு வீடு. திண்ணையில் முறம், பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம்.]

குரல்: ரேஷனில் செறிவூட்டிய அரிசி வந்த புதிது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் பார்க்கப் போன கிராம சுகாதார செவிலியரிடம் பாட்டி பாத்திரத்தை நீட்டுகிறார். "சிஸ்டரே, பிளாஸ்டிக் அரிசி. மெதக்குது பாத்தியளா?" நாலைந்து மணிகள் மிதக்கத்தான் செய்கின்றன.

"அதெல்லாம் வதந்தி பாட்டி" என்று வாய் வரை வரும். சொல்லாதீர்கள். அவர் கண்ணால் பார்த்ததையே இல்லை என்றதாகிவிடும். அதுவும் "ரேஷனில் பிளாஸ்டிக் அரிசி" என்ற வீடியோவைப் பாட்டிக்கு அனுப்பியது மஸ்கட்டில் இருக்கும் மகன். வீடியோ பொய் என்றால் மகன் பொய்யன் என்றுதான் பாட்டி காதில் விழும்.

முதலில் கேளுங்கள். யார் சொன்னது, எதற்குப் பயம், பொறுக்கிய மணிகளை என்ன செய்தார்? பயிற்சி வகுப்புகளில் சுகாதாரப் பணியாளர்களான நாம் பேசத்தான் அதிகம் பழகுகிறோம், கேட்கப் பழகுவதில்லை.

[நெருக்கக் காட்சி: உள்ளங்கையில் இரண்டு மணிகள். ஒன்றின் நிறம் மட்டும் லேசாக வேறு.]

அப்புறம் மணியைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, இடியாப்பம் பிழிகிற மாதிரி இயந்திரத்தில் பிழிந்து, அரிசி வடிவில் வெட்டிக் காயவைத்தது இது. 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ கலக்கிறார்கள். வயலில் விளைந்த மணியைவிட அடர்த்தி குறைவு, அதனால் மிதக்கும். சோற்று உருண்டை தரையில் போட்டால் துள்ளுகிறதே என்பார்கள். மாவுச்சத்தின் பிசுபிசுப்பு அது. கடையில் வாங்கிய அரிசியும் துள்ளும். இன்னும் சந்தேகமா? ஒரு மணியை நெருப்பில் காட்டுங்கள். கருகும், பிளாஸ்டிக் போல உருகிச் சொட்டாது.

பாட்டி பொறுக்கி எறிந்தது, ரத்தசோகை இருக்கும் மருமகளுக்குச் சேர வேண்டிய இரும்பு. இதைச் சொன்னால் அவரே முறத்தை ஒருமுறை பார்ப்பார்.

இதில் நம் பக்கத் தவறும் உண்டு. மூட்டை வந்து இறங்கும் முன்பே "சில மணி மிதக்கும், பயப்படாதீங்க" என்று வாசல் வாசலாகச் சொல்லியிருந்தால் அந்த வீடியோவுக்கு வேலையே இருந்திருக்காது. 1960களில் வில்லியம் மெக்குவைர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத் தடுப்பூசியோடு ஒப்பிட்டார். பொய்யை வலுவிழந்த வடிவில் முன்கூட்டியே காட்டி, அதன் ஓட்டையையும் காட்டிவிட்டால், நிஜப் பொய் வரும்போது மனசு எதிர்த்து நிற்கும்.

[காட்சி: செக்கு. கண்ணாடிப் பாட்டிலில் இறங்கும் எண்ணெய்.]

தேங்காய் எண்ணெய் இவ்வளவு சுலபமில்லை. கன்னியாகுமரியில் அது இல்லாமல் அவியல் அடுப்பை விட்டு இறங்காது. ஒரு காலத்தில் அதை விஷம் போலப் பேசினோம். இப்போது வீடியோக்கள் "தினம் இரண்டு ஸ்பூன் குடித்தால் கொழுப்பு கரையும்" என்கின்றன. இரண்டுமே மிகை. அதில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, ரத்தத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பின் அளவை ஏற்றும். சமையலுக்கு அளவாக வைத்துக்கொள்ளலாம், மருந்தென்று குடிக்க வேண்டாம். இவ்வளவு சொன்னால் போதும்.

ஓரிடத்தில் மட்டும் இந்த நிதானம் ஆகாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் போன மாதம் கொடுத்த சர்க்கரை மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறது, பக்கத்தில் அதற்குப் பதிலாகச் சாப்பிடும் ஏதோ ஒரு பொடி டப்பா. இன்றைக்கே சர்க்கரை பார்த்து மருத்துவ அதிகாரிக்குச் சொல்லுங்கள். முதல் வகை நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில், ஏன், அதற்கு முன்பேகூட உயிருக்கு ஆபத்து. வாந்தி, வயிற்று வலி, ஆழமாக மூச்சு வாங்குவது தெரிந்தால் விவாதம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, பாட்டி வீட்டுக்குத் திரும்புவோம். அவர் சமாதானமானதும் எழுந்து போய்விடாதீர்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்ப உதவுங்கள்.

[காட்சி: பாட்டி போனை வாய்க்கருகே பிடிக்கிறார்.]

"லேய் மக்கா, அது பிளாஸ்டிக் இல்லியாம், மாவு பிழிஞ்சதாம். இன்னைக்கு அதுல கஞ்சி வச்சுக் குடிச்சாச்சு."