தடை இருந்தபோதுதான் உடைந்தது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

ஒருபாலின உறவை ஏற்பது திருச்சபையைச் சிதைக்கிறதா, சீர்ப்படுத்துகிறதா என்பது தலைப்பு. சீர்ப்படுத்துகிறது என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை என்ற புராட்டஸ்டண்டு பிரிவை எடுத்துக்காட்டினார். 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 7,600 சபைகள், அதாவது அங்கிருந்தவற்றில் நான்கில் ஒரு பங்கு வெளியேறிவிட்டன. இதோ சிதைவு என்றார்.

எண்ணிக்கை சரி. ஆண்டைக் கவனித்தாரா? ஒருபாலினத் திருமணத்துக்கும், ஒருபாலின உறவில் இருப்பவர் போதகராவதற்கும் அங்கே இருந்த தடை நீங்கியது 2024 மே மாதத்தில். சபைகள் விலகி முடிந்தது 2023 டிசம்பரில். தடை முழு வலிமையோடு இருந்த காலத்தில்தான் அந்தத் திருச்சபை உடைந்தது! 2019இல் செயின்ட் லூயிஸில் கூடிய மாநாடு தடையை மேலும் இறுக்கியது. 438க்கு 384 வாக்கு. வென்றவர்களே பிறகு மூட்டை கட்டினார்கள். "விதியை யாரும் மதிக்கவில்லை, அதனால் போனோம்" என்பது அவர்கள் தரப்பு.

ஏன் மதிக்கவில்லை? பென்சில்வேனியாவில் ஃபிராங்க் ஷேஃபர் என்று ஒரு போதகர். 2007இல் தம் மகனுக்கும் அவன் விரும்பிய ஆணுக்கும் திருமணம் நடத்திவைத்தார். ஆறு ஆண்டுகள் கழித்துத் திருச்சபை அவரை விசாரணையில் நிறுத்தியது. சபைச் சட்டத்தை முழுதாகக் கைக்கொள்வேன் என்று சொல்ல 30 நாள் அவகாசம் கொடுத்தது. மனிதர் மறுத்தார், போதகர் பட்டம் பறிபோனது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது திரும்பக் கிடைத்தது வேறு கதை. அவர் செய்த குற்றம் என்ன? களவா, சபைப் பணத்தில் கையாடலா? தகப்பன் மகனைக் கைவிடவில்லை, அவ்வளவுதான். இப்படித் தண்டிக்கும் சட்டத்தைச் சபையிலேயே பலர் மதிக்காமல் போனதில் என்ன வியப்பு?

அடுத்து, ஆணோடு ஆண் கூடக்கூடாது என வேதம் தெளிவாகச் சொல்கிறது என்று லேவியராகமம் 18ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். தெளிவாகத்தான் சொல்கிறது, அதை நான் வளைக்கப் போவதில்லை. அதே புத்தகத்தின் 25ஆம் அதிகாரம், வறுமைப்பட்ட சகோதரனிடம் வட்டி வாங்காதே என்பதையும் அதே தெளிவோடு சொல்கிறது. கத்தோலிக்கப் பேராயர்கள் 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், வட்டித் தொழில் செய்பவருக்குக் கிறிஸ்தவ முறைப்படி நல்லடக்கமே கிடையாது என்றது. இன்று சபைகளின் வைப்புநிதிக்கு வட்டி வருகிறது. எந்தப் பொருளாளருக்கும் கல்லறையில் இடம் மறுக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அது பணம், இது ஒழுக்கம் என்பீர்கள். சரி, வேதத்துக்குள்ளேயே வாருங்கள். உபாகமம் 23, அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர், சபைக்குள் வரக்கூடாது என்கிறது. ஏசாயா 56, அவர்களுக்கு ஆலயத்தில் இடமும் பெயரும் உண்டு என்கிறது. அப்போஸ்தலர் 8இல், வனாந்தர வழியில், எத்தியோப்பிய அண்ணகர் ஆதிச் சபையின் ஊழியரான பிலிப்புவிடம் கேட்கிறார்: "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" தடை இருந்தது ஐயா! உபாகமத்தில் எழுத்தாகவே இருந்தது. பிலிப்பு அதை எடுத்துக்காட்டி வாதாடவில்லை; தண்ணீரில் இறங்கினார். அண்ணகர் வேறு, ஒருபாலின ஈர்ப்பு வேறு என்பது எனக்குத் தெரியும். அடுத்துப் பேசுபவர் அதைச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். விலக்கப்பட்டவர் வாசலில் நின்றபோது, எழுதப்பட்ட தடையை ஆதிச் சபை எப்படிக் கையாண்டது என்பதைத்தான் காட்டுகிறேன்.

உடைவது அமெரிக்க மெதடிஸ்டுகளுக்குப் புதிதும் அல்ல. 1844இல் ஜார்ஜியாவின் பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ அடிமைகளை வைத்திருந்தார். அவர் பேராயராகத் தொடரலாமா என்ற கேள்வியில் வடக்கும் தெற்கும் பிரிந்தன. ஒன்றுசேர 1939 ஆயிற்று. தெற்கத்தியரும் வேத வசனத்தோடுதான் நின்றார்கள். ஒற்றுமைக்காக அன்று அடிமை முறையைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம் என்று எதிரணியில் யாராவது சொல்வீர்களா?

2024இல் சார்லட் மாநாட்டில், போதகர் பட்டத்துக்கு இருந்த தடை 692க்கு 51 என்று விவாதமே இல்லாமல் நீங்கியது. எதிர்த்தவர்களில் பலர் முன்பே போய்விட்டதும் அந்த வாக்குக்கு ஒரு காரணம், மறைக்க மாட்டேன். அதன்பின் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் மெதடிஸ்டுகள் விலகியது வலிக்கிற இழப்பு. அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் அந்த மாநாடு எழுதிய விதியைப் பாருங்கள். ஒருபாலினத் திருமணத்தை நடத்தும் போதகருக்கும் தண்டனை இல்லை, நடத்த மறுக்கும் போதகருக்கும் தண்டனை இல்லை. எதிரணியைப் போல் மனச்சாட்சி ஒப்பாத ஒருவர், நாளையும் தம் பிரசங்க பீடத்தில் நிற்கலாம். பழைய விதி ஷேஃபருக்கு அந்த இடத்தைக் கொடுத்ததா? எதிரணித் தலைவர் தம் தொகுப்புரையில் இதற்கு விடை சொல்லட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.