கிற்றாரை வேலை தெரிந்த கையில் கொடுங்கள்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த வெயிலிலும் கிளிநொச்சிக்கு வந்து உட்கார்ந்திருக்கும் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

மின்கிற்றார் வேண்டுமென்றால் சாமான்களை வாங்கி நாமே பூட்டுவதா, காசு கொடுத்து வேலை தெரிந்தவரிடம் செய்விப்பதா? இதுதான் இன்றைய தலைப்பு. செய்விப்பதே சரி என்ற பக்கத்தில் நான் நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய தம்பி உங்கள் மனதைத் தொட்டுவிட்டார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் இந்த வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றறி வர விடவில்லை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டோம், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம் என்றார். அப்படி வாழ்ந்த சனத்துக்கு நாலு ஆணி பூட்ட ஆள் தேவையா என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள் பாதி வழியில் நின்றபோது நாங்கள் யாரிடம் உருட்டிக்கொண்டு போனோம்? சந்தியில் இருந்த மெக்கானிக்கிடம். புதுச் சாமான் ஒன்றும் கிடைக்காத காலத்தில் பழசை உரசி, மாற்றிப் போட்டு, ஓட வைத்துத் தந்தவர் அவர். நாங்கள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் கைவேலை பழகியது உண்மை. ஆனால் எங்களைத் தூக்கி நிறுத்தியது முழுநேரமும் அதிலேயே கை வைத்திருந்த அந்தச் சிலர். தடைக்காலத்தின் பெருமையைச் சொல்லும்போது அவர்களைக் கழித்துவிட்டுச் சொல்வது சரியில்லை.

இனிக் கிற்றாருக்கு வருவோம். எதிரணி சொல்வது போலச் சாமான்கள் ஒரு பெட்டியில் வரும். உடல் ஒன்று, கழுத்து ஒன்று, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், உடலில் தந்தியைத் தாங்கும் பிறிட்ஜ், வொலியூம், வயர். கழுத்தை உடலோடு நாலு ஆணியில் இறுக்கி, வயரை ஈயம் வைத்து ஒட்டி, தந்தியைக் கட்டினால் கிற்றார் மாதிரி ஒன்று கையில் இருக்கும். இதை ஒரு சனிக்கிழமையில் செய்யலாம், நான் மறுக்கவில்லை. வாசிக்கக்கூடிய கருவியாக அது மாறும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஆறு தந்தியையும் சுருதிக்கு இழுத்தால், சாதாரணத் தந்திகளே சேர்ந்து சுமார் 45 கிலோ எடை தொங்குவது போல அந்தக் கழுத்தை இழுக்கும். கழுத்துக்குள் இருக்கும் ட்றஸ் றொட் என்ற இரும்புக் கம்பி அந்த இழுவைக்கு எதிராக நிற்கிறது. அதை எவ்வளவு திருப்புவது என்பது கைக்குத்தான் தெரியும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் கம்பி முறியும், இல்லையென்றால் மரம் வெடிக்கும். அப்புறம் அந்தக் கழுத்து விறகு.

அடுத்தது ஃபிரெட். வீணையில் மெட்டு என்கிறோமே, அதேதான். வீணை வாசிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து மேளம் கட்டுவதற்கு அதற்கென்றே தேர்ந்த ஆளைத் தேடிப் போவார்கள். பெரிய வித்துவான்களும் அப்படித்தான். கிற்றாரில் ஃபிரெட் உலோகக் கம்பியாக மரத்தில் அடிக்கப்பட்டு வருகிறது. அடித்து வந்தால் போதுமா? ஒரு ஃபிரெட் மற்றதைவிட ஒரு மயிரளவு உயர்ந்திருந்தாலும், அதற்கு முந்தியதில் விரல் வைக்கும்போது தந்தி அதில் உரசி இரையும்.

வேலை தெரிந்தவர் என்ன செய்வார் தெரியுமா? முதலில் கழுத்தை நேராக்குவார். ஃபிரெட் ஒவ்வொன்றின் தலையிலும் மார்க்கரால் மை பூசுவார். நேரான நீள அரத்தை மேலே மெதுவாக ஓட விடுவார். மை அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். எல்லாத் தலையிலும் மை ஒரே மாதிரி அழியும்வரை ஓட விடுவார். அப்போது தலைகள் தட்டையாகி விடும். தட்டைத் தலையில் சுருதி சுத்தமாக நிற்காது. ஆகவே ஒவ்வொன்றையும் வேறொரு அரத்தால் மறுபடி உருட்டி, பிறகு மினுக்கி எடுப்பார். இருபத்தொன்று இருபத்திரண்டு ஃபிரெட், ஒவ்வொன்றுக்கும் இதே பொறுமை. இந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் கூலி கூட என்று சொல்ல மாட்டார்.

கழுத்தின் மேல் முனையில் தந்திகளைத் தாங்கும் நட் என்கிற சின்ன எலும்புத் துண்டிலும் இதே கதை. ஒவ்வொரு தந்திக்கும் அதன் பருமனுக்கேற்ற தனி அரம் வேண்டும். மெல்லிய தந்தி கால் மில்லிமீற்றர்தான். அரத்தை ஓர் இழுவை கூட இழுத்துவிட்டால் பள்ளம் ஆழமாகி, விரல் வைக்காத திறந்த தந்தி முதல் ஃபிரெட்டில் இரையும். வேறு நட் போட வேண்டியதுதான்.

நான் ஏன் இவ்வளவு கோபமாகப் பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். என்னிடம் கிற்றார் பழக வந்த ஒரு பெடியன், தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கவென்று மாமாவும் தானுமாகப் பூட்டிய கிற்றாரைக் கொண்டு வந்தான். பூச்சு வடிவாக இருந்தது. திறந்த தந்திகளைச் சுருதி சேர்த்தால் சேர்ந்தது. கழுத்தில் மேலே ஏறி வாசித்தால் சுருதி விலகியது. பிறிட்ஜைக் கொஞ்சம் பின்னால் துளையிட்டிருந்தார்கள், பிறிட்ஜில் தந்தி அமரும் சேடில்களை முழுவதும் முன்னுக்குத் தள்ளியும் எட்டவில்லை. இந்த வகைக் கிற்றாரில் நட்டிலிருந்து பிறிட்ஜ் வரை 648 மில்லிமீற்றர். தந்தி 5 மில்லிமீற்றர் நீண்டாலே 12ஆம் ஃபிரெட்டில் அரைச்சுரத்தின் எட்டில் ஒரு பங்கு சுருதி இறங்கிவிடும். அந்தப் பிள்ளைக்கு இது தெரியாது. தனக்குக் காது இல்லை என்று நினைத்துக்கொண்டு பல மாதம் தன்னையே நொந்திருக்கிறான். நடுவர் அவர்களே, அவனுடைய காது நல்ல காது. பிழை மரத்தில் இருந்தது. தன் காதை நம்பாமல் இசையை விட்டுப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்?

வசதியான நாடுகளில் கழுத்து பிழையாகிப் போனால் இன்னொன்று வாங்குவார்கள், பிழைவிட்டுப் பழகுவது அங்கே சுகம். இங்கே பார்சல் கொழும்பு வந்து, சுங்க வரி கட்டி, ஏ9 பாதை வழியே வந்து சேரும்போது அந்தச் சாமான் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு. இரண்டாவது வாய்ப்பு இல்லை. காசு குறைந்தவர்கள்தான் பிழைவிடாத கையில் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

எதிரணியில் பேசிய தங்கச்சி பிரையன் மேயைச் சொன்னார். 1963இல் தகப்பனும் மகனுமாகத் தொடங்கி, குளிர்காயும் பழைய கணப்படுப்பின் சட்டத்து மரத்தில் கழுத்தைச் செதுக்கிக் கிற்றார் செய்தார்கள், குயீன் குழுவில் உலகமெல்லாம் அதையே வாசித்தார் என்றார். அருமையான உதாரணம். ஆனால் அந்தத் தகப்பன் மின்னணுப் பொறியியலாளர். பிக்கப்பைத் தானே சுற்றிப் பார்த்த பிரையன் மே அதில் திருப்தி இல்லாமல், பேர்ன்ஸ் நிறுவனம் செய்த பிக்கப்புகளை வாங்கிப் போட்டார். 1998இல் அந்தக் கிற்றாரைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது கிரெக் ஃபிரையர் என்ற ஆஸ்திரேலியக் கைவினைஞரிடம் கொடுத்தார். தகப்பனோடு செய்த கருவியை, உயிருக்கு நிகரானதை, வேலை தெரிந்தவர் கையில் கொடுத்தார். என் பக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மின்கிற்றார் தொழிற்சாலை நடத்திய லியோ ஃபெண்டர் கழுத்தை ஆணியில் பூட்டும்படி வடிவமைத்ததே எல்லோரும் பூட்டத்தான் என்றும் அந்தத் தங்கச்சி சொன்னார். ஃபெண்டர் கலிபோர்னியாவில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். தொழிற்சாலையில் வேகமாகச் செய்யவும், திருத்த வரும்போது கழற்றி மாற்றவும் அது வசதி. அந்தத் தொழிற்சாலையிலும் ஆளுக்கு ஒரு வேலை இருந்தது. 1956இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த அபிகேல் இபாரா என்ற பெண், மயிரைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிப் பிக்கப் செய்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதே வேலை. அவர் சுற்றிய பிக்கப்பைத் தேடி வாங்குகிறார்கள். பாட்டுக்காரரின் பெயரை நாங்கள் அறிவோம், அந்தக் கையின் பெயரை ஏன் அறியாமல் இருக்க வேண்டும்?

மின்சார விஷயத்தை ஒரு நிமிடம் சொல்லிவிட்டுப் போகிறேன், இது உயிர் விஷயம். மின்கிற்றாரின் தந்தி, பிறிட்ஜ் வயர் வழியாகவும் கேபிள் வழியாகவும் ஒலியைப் பெருக்கும் அம்ப் பெட்டியின் உடலோடு தொடுபட்டிருக்கும். எங்கள் திருவிழாக்களில் ஜெனரேற்றரில் ஓடும் மேடைகளில் எர்த் சரியாக இருக்கிறதா? மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை முறித்துவிட்டுச் செருகுகிறோம். 1972இல் பிரித்தானியாவின் சுவான்சீ நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிற்றார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். அவருடைய கிற்றாரில் பிழை இருந்ததென்று நான் சொல்லவில்லை. ஆனால் கிற்றாருக்கு வயர் பூட்டுகிறவர் அம்ப் பெட்டியையும் பிளக்கையும் சேர்த்துச் சோதிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்கிறேன்.

செலவு குறைவு என்ற வாதத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. நட் அரம், ஃபிரெட் அரம், நேர்கோல், ஈயம் ஒட்டும் கோல் எல்லாவற்றையும் ஒரே ஒரு கிற்றாருக்காக வாங்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, கடைசியாக எதிரணித் தலைவர் கேட்ட கேள்வி. "வன்னியில் கிற்றார் செய்யத் தெரிந்த ஆள் எங்கே இருக்கிறார்? இல்லாத ஆளிடம் எப்படிக் கொடுப்பது?" நியாயமான கேள்வி. இதற்குத்தான் நான் வந்தேன்.

கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் கைபேசி திருத்தும் கடைகளைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத புள்ளியில் ஈயம் வைக்கும் பெடியன்கள் அங்கே இருக்கிறார்கள். மாங்குளத்திலும் மல்லாவியிலும் முதிரையிலும் தேக்கிலும் கதவு நிலை இழைக்கும் தச்சர்கள் இருக்கிறார்கள், மரம் எந்தப் பக்கம் முறுகும் என்று கையால் தடவிச் சொல்வார்கள். மாரியில் மரம் ஊதும், கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கும் காலத்தில் காய்ந்து சுருங்கும், அப்போது ஃபிரெட்டின் முனை வெளியே வந்து விரலைக் கிழிக்கும். எங்கள் காற்றை அறிந்தவர் பக்கத்திலேயே இருந்தால் அந்தப் பருவத்தில் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டலாம். சைக்கிள் ரியூப்பை எல்லோரும் ஒட்டுகிறோம், சில்லு நெளிந்தால் கடைக்குத்தானே கொண்டு போகிறோம்? அந்தக் கடை முதலில் எப்படி வந்தது? யாரோ முதல் ஆளாகக் காசு கொடுத்தார்கள்.

கை இருக்கிறது, கூலி கொடுக்கும் ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு நாமே பூட்டிக்கொண்டால் அந்தத் தச்சருக்கும் ஈயம் ஒட்டும் பெடியனுக்கும் கிற்றார் வேலை ஒருநாளும் வராது, இன்னும் பத்து வருடத்திலும் இதே கேள்வியைத்தான் இந்த மேடையில் கேட்பீர்கள். ஒரு பாடகர் குழுவும் ஒரு கலியாண இசைக்குழுவும் தங்கள் பழைய கிற்றார்களை ஒரே ஆளிடம் கொடுக்கட்டும். தந்தி மாற்றுவதை, துடைப்பதை நீங்களே செய்யுங்கள். ஃபிரெட்டையும் நட்டையும் கழுத்தையும் அவரிடம் விடுங்கள். அவர் முதலில் பழுதான கழுத்தில் பழகட்டும், அதற்கும் கூலி கொடுங்கள். கற்கும் காலத்துக்கு யாரும் கூலி கொடுக்காததால்தான் இந்த வேலைகள் எங்கள் ஊரில் நிலைக்காமல் போகின்றன.

நடுவர் அவர்களே, எதிரணி பூட்டிய கிற்றாரையும் வேலை தெரிந்தவர் சரிபார்த்த கிற்றாரையும் இந்த மேடையில் வைத்து, இரண்டிலும் 12ஆம் ஃபிரெட்டில் விரல் வைத்துக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.